நேராக்கிய தாளம்

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் இருக்கிற இடத்தில் இருக்க விடமாட்டார்கள். "சார், கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருங்க." "சார், இப்ப சிரிச்சீங்களே, அதே மாதிரி இன்னொரு தடவை." சிரிப்பு என்ன குழாயா, திருகினால் கொட்ட? ஒரு வருஷமாக இந்தக் கூத்துதான். எங்கள் ராக் குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் பேர்வழி என்று ஓர் இயக்குநர் அம்மாள் கேமராவும் ஆளுமாக எங்கள் பின்னாலேயே அலைந்தாள். நல்ல பெண்தான், கெட்டிக்காரி. ஆனால் நான் பல் தேய்ப்பதைக்கூடப் படம் எடுத்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

"முப்பது வருஷத்துக்கு மேல ஒரே நாலு பேர் எப்படி சார் ஒண்ணா இருந்தீங்க?" என்று எல்லோரிடமும் கேட்டாள். எங்கள் பாட்டுக்காரி, "வேற யாரும் எங்களச் சேர்த்துக்கல" என்றாள். கிடார் வாசிப்பவன் மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கு முனிவர் என்று பெயர் வைத்திருந்தோம். முனிவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தந்தியைத் துடைத்தான். டிரம்ஸ் வாசிப்பவன்தான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்: "இதோ இவனுக்கு என் தங்கச்சியக் கட்டி வெச்சுட்டேன். அப்புறம் எங்க ஓடுவான்?"

அந்த 'இவன்' நான்தான். கீழ்ச்சுரம் போடும் பேஸ் கிடார் வாசிப்பவன். டிரம்ஸ்காரன் என் பெண்டாட்டியின் அண்ணன், என் மச்சான். பேஸும் டிரம்ஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்றைவிட்டு ஒன்று நகரக் கூடாது என்பார்கள். அதெல்லாம் சும்மா. பெண்டாட்டியோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. மேடையில் மச்சானோடு ஒரு நாளும் போட்டதில்லை.

மூன்று வருஷமாக மச்சானின் வலது கை நடுங்குகிறது. டம்ளரைப் பிடித்தால் தளும்பும், சட்டைப் பொத்தான் போட நேரமாகும். நரம்புக் கோளாறு, மாத்திரையில் ஓரளவு அடங்கும், குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து குச்சியை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடும். "பார்த்தியா? வேலை செய்யற கைக்கு வியாதி கெடையாது" என்று மார்தட்டிக்கொள்வான். நின்றது நடுக்கம் மட்டும்தான். கை பிந்த ஆரம்பித்திருந்தது. கண் இமைப்பதில் பாதி நேரம், அவ்வளவுதான். கூட்டத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாமல் போகுமா?

அவன் அடி விழும்வரை நான் என் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். அவன் தோளைப் பார்த்தால் போதும், கை எப்போது இறங்கும் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நாளில் முனிவரும் நின்றான். பாட்டுக்காரியும் நின்றாள். இதைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிவைத்துக்கொண்டது கிடையாது. எல்லோரும் சேர்ந்து பிந்தினால் பிந்தியவனுக்கு எப்படித் தெரியும்? மச்சானுக்குத் தெரியவில்லை. 'வயதாக ஆக இவர்கள் இசையில் ஒரு நிதானம் கூடியிருக்கிறது' என்று ஒரு பத்திரிகையில் வேறு எழுதினார்கள். நிதானமாம், நிதானம்.

பிறகு ஒரு கச்சேரியில் பாட்டின் நடுவே அவன் கையிலிருந்து குச்சி நழுவி உருண்டு போனது. குனிந்து எடுக்கவும் விரல் மடங்கவில்லை. அன்றைக்கு மேடைக்குப் பின்னால் அவனே சொன்னான், "இந்த வருஷக் கடைசிக் கச்சேரியோட நிறுத்திக்கறேன்டா. கீழ விழுந்தது குச்சியோட போகட்டும்." நாங்கள் "அப்படியெல்லாம் சொல்லாத" என்று வாய்க்குச் சொன்னோம். மனதுக்குள் எங்களுக்கு மூச்சு வந்தது. யாரும் சொல்ல வேண்டியிராமல் அவன் வாயாலேயே வந்துவிட்டதே என்று இருந்தது. இயக்குநர் அம்மாளும் படத்தை அந்தக் கடைசிக் கச்சேரியில் முடிப்பதாகத் தீர்மானித்தாள்.

கச்சேரிக்கு முன்னால், அதுவரை முடிந்த பகுதியைப் போட்டுக் காட்ட ஒரு மத்தியானம் எங்களைக் கூப்பிட்டாள். சுவரெல்லாம் மெத்தை அடித்த சின்ன அறை. ஒரு பழைய சோபா, நாலு நாற்காலி, மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். மூலையில் எடிட்டர் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும், சாந்தமான மனுஷன். என் பெண்டாட்டியும் வந்திருந்தாள். அண்ணன் படத்தை முதலில் பார்க்க வேண்டுமாம். நானும் அதில் இருக்கிறேன் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஆரம்பத்தில் எங்கள் வாலிப வயதுப் படங்கள். "யாருடா இது, சீப்பையே பார்க்காத தலை?" என்றான் மச்சான். "நீதான்" என்றாள் பாட்டுக்காரி. ஒரே சிரிப்பு. அப்புறம் போன மாதம் பதிவு செய்த கச்சேரி வந்தது.

முதல் வரியிலேயே எனக்குத் திக்கென்றது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் இடத்தில் போய் உட்கார்ந்தது. இருபது வயதில் வாசித்தானே, அந்த வாசிப்பு. அதுகூடப் பரவாயில்லை. என் வாசிப்பையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் ஒன்றுகூட அதில் இல்லை. மச்சானின் கை தெரிய வேண்டிய நேரத்திலெல்லாம் படம் பாட்டுக்காரியின் முகத்துக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டது.

மச்சான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். "நிறுத்துங்க. திரும்பப் போடுங்க" என்றான். போட்டார்கள். இன்னொரு தடவை கேட்டான். மூன்றாவது முறை ஓடும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாப்ளே, கேட்டியாடா? இதுவா கை போனவன் வாசிக்கறது? ஒரு குச்சி விழுந்ததுக்குப் போய் பயந்து செத்தேனே, எனக்குக் கிறுக்கா?" எழுந்து நின்றான். "நான் நிறுத்தப்போறதில்ல. அடுத்த வருஷம் முழுக்க ஊர் ஊராப் போறோம். அம்மா, உங்க படத்தோட முடிவ மாத்துங்க."

இயக்குநர் அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல முடிவு அவளுக்கு எங்கே கிடைக்கும்? அவன் கேட்டபடி அந்தப் பாட்டை அப்போதே அவன் போனுக்கு அனுப்பிவைத்தாள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, என் பெண்டாட்டியின் தலையைத் தட்டி, சின்னப் பிள்ளை மாதிரி படியில் தாவி இறங்கிப் போனான். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

நான் எடிட்டர் பக்கம் திரும்பினேன். "என்னய்யா செஞ்ச?"

"எதச் சொல்றீங்க சார்? தாளத்தையா? கொஞ்சம் நேராக்கினேன்" என்றான். "ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா பதிவாயிருக்கு. எந்த அடி தள்ளியிருக்கோ அத இருக்க வேண்டிய எடத்துக்கு இழுத்து வெச்சுட்டேன். அவரோடதுதான் நிறைய தள்ளியிருந்துச்சு. அவரோட சேர்ந்து உங்களோடதும் தள்ளியிருந்துச்சு, அதையும் இழுத்தேன். எல்லாப் படத்துலயும் செய்யறதுதான் சார். இத்தன வருஷம் வாசிச்சவங்களுக்குப் பேர் கெடக் கூடாதுன்னு பார்த்தேன்."

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். ஆனால் அவன் முகத்தில் கள்ளம் இல்லை. நாங்கள் மூன்று வருஷமாக மேடையில் வியர்க்க வியர்க்கச் செய்ததைத்தான் அவன் உட்கார்ந்த இடத்தில் செய்திருந்தான். அவனை அடித்தால் என்னையும் சேர்த்து அடித்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் அம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே நடைபாதையில் பாட்டுக்காரி என் சட்டையைப் பிடித்தாள். "டேய், சொல்லித் தொலைக்காத. அவன் முகத்தப் பார்த்தேல்ல? அந்தச் சிரிப்ப நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு? இன்னும் ரெண்டு வருஷம் நின்னு வாசிப்போம். நமக்கு என்ன ரயிலா போகுது?"

முனிவர் வாயைத் திறந்தான். "கை இன்னும் பிந்தும். எவ்வளவு நேரம் நிப்ப?" அவள் அழுதுகொண்டே காருக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "மேடையில ஊரே பார்க்க மறுபடி குச்சி விழுந்து, யாராவது ஒருத்தன் சிரிச்சான்னு வைங்க, அண்ணன் அதுக்கப்புறம் வீட்டவிட்டு வெளிய வருவானா? போய்ச் சொல்லிடுங்க."

"உன் அண்ணன்தானே, நீ சொல்லேன்."

"நான் சொன்னா பாசத்துல பயப்படறேன்னு நெனப்பான். டாக்டர் சொன்னா டாக்டருக்குப் பாட்டுத் தெரியாதும்பான். காது விஷயத்துல அவன் நம்பறது உங்கள மட்டும்தான். உங்களுக்கு அது தெரியாதாக்கும்?"

தெரியும். தெரிந்ததால்தான் இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று இழுத்தடித்தேன். தொண்டை சரியில்லை என்றேன். பேசப்போவது கச்சேரியா என்று அவள் கேட்டாள். கடைசியில் ஒரு நாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணன் மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு. மாத்திரைய டாக்டரக் கேக்காம கூட்டிக்கிட்டு இருக்கான். இப்பப் போறீங்களா இல்லையா?"

போனேன்.

மச்சான் வீட்டுக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கிற அறையைத்தான் அவன் பயிற்சிக்கு வைத்திருந்தான். ஜன்னலில் பழைய கம்பளி, தரையில் தேய்ந்த விரிப்பு, ஓரத்தில் ஒரு மடக்கு ஏணி. கதவு திறந்துதான் இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் துணிக்கட்டு. நான் வந்தது தெரியவில்லை.

போனில் ஓடுகிற பாட்டு எனக்குக் கேட்கவில்லை. அறையில் அவன் அடிப்பது மட்டும்தான் கேட்டது. நாலு வரி போவான், நிறுத்துவான். போனைத் தடவி மறுபடி முதலிலிருந்து போடுவான். மூன்று வரி போவான், நிறுத்துவான். அந்தக் கச்சேரிப் பாட்டோடு, எடிட்டர் நேராக்கிக் கொடுத்த அந்த டிரம்ஸோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறான் என்று புரிந்ததும் பக்கத்திலிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அது சரிந்து சத்தம் போட, கண்ணைத் திறந்தான்.

"வா மாப்ளே, வா. நல்ல சமயத்துல வந்த" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "போன மாசம் வாசிச்சிருக்கேன்டா. இதோ, இதுல கேக்குது. இன்னைக்கு வர மாட்டேங்குது. என்னென்னமோ செஞ்சு பார்த்துட்டேன். மாத்திரைகூடப் போட்டுப் பார்த்தாச்சு. என்னோட என்னாலேயே சேர முடியலன்னா அப்புறம் என்னடா மனுஷன் நான்?"

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அது நீ இல்ல மச்சான்."

"என்ன?"

"போன்ல இருக்கறது நீ வாசிச்சது இல்ல. அந்த எடிட்டர் கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்கினது. உன்னால அதோட சேர முடியாது. யாராலயும் முடியாது. மணிக்கட்ட உடைச்சுக்காத."

ஹெட்போனைக் கழற்றினான். "நேராக்கற அளவுக்கு என்ன இருந்துச்சு அதுல?"

எடிட்டர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அத்தோடு கிளம்பியிருக்கலாம். கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்தேன். "மூணு வருஷமா உன் கை பிந்துது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் நின்னு வாசிச்சோம்."

"மூணு பேருமா?"

"ஆமா."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றான். குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "என்ன நடுவுல உக்கார வெச்சு மூணு வருஷம் நாடகம் ஆடியிருக்கீங்க. அதக் கேட்டு நான் மார் தட்டிக்கிட்டு... சீ. வெளிய போடா."

போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, உள்ளே போகத் தைரியம் வரவில்லை. பெண்டாட்டிக்குப் போன் செய்து, "சொல்லிட்டேன்" என்றேன். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "போடான்னான்" என்றேன். "அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அவன் வெளியே வந்தான். சட்டைப் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "நேராக்காதது இருக்குமா அவன்கிட்ட?" என்று கேட்டான்.

"இருக்கும்."

"வண்டிய எடு."

எடிட்டர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். இயக்குநர் அம்மாள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். மச்சான் கையமர்த்தினான். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அன்னைக்கு எப்படி வாசிச்சோமோ அப்படியே போடுங்க."

போட்டான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். முதல் அடி பிந்தியபோது அவன் தாடை இறுகியது. அடுத்ததும் பிந்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டு முழுவதையும் கேட்டான். நான் அவனைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை" என்றான். இந்தத் தடவை நடுவில் நிறுத்தச் சொன்னான். "இங்க இவ எதுக்கு இந்தச் சொல்ல இழுக்கறா? இந்தப் பாட்டுல இழுவையே கெடையாதே."

"உன் கை வர வேண்டாமா?" என்றேன்.

"முனிவர் ரெண்டு சுரம் கூடப் போடறான்."

"நடுவுல காலியா இருக்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான்."

"நீ என்ன செய்வ?"

"நான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

எடிட்டரிடம் திரும்பினான். "இவன் வாசிச்சத மட்டும் தனியாப் போட முடியுமா?"

மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டு என் பேஸை மட்டும் எடிட்டர் ஓடவிட்டான். எனக்கே அதை அப்படித் தனியாகக் கேட்டுப் பழக்கமில்லை. ஒரு சுரம், அது நீள்கிறது, நீள்கிறது, பிறகு நகர்கிறது. அடுத்தது, அதுவும் நீள்கிறது. மச்சானின் வாசிப்பு அதில் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் அவன் கை எங்கே எங்கே தடுமாறியது என்று ஒவ்வொரு இடமும் தெரிந்தது. பாட்டு போகப் போக நான் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது.

"இவ்வளவு நேரமாடா நின்ன?" என்றான்.

எடிட்டர் பாட்டை நிறுத்தினான்.

"என்ன விட்டுட்டுப் போயிருக்கலாமேடா."

"போய்?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ன விட்டுட்டு எங்க போய் வாசிக்கச் சொல்ற? இருபது வயசுலேருந்து உன் பக்கத்துல நிக்கறேன். எனக்கு வேற எங்க நிக்கத் தெரியும்?" எடிட்டரும் அந்த அம்மாளும் இருப்பதையும் மறந்து கத்திவிட்டேன். மச்சான் நடுங்குகிற கையை என் தொடையின் மேல் வைத்தான். கை நடுங்க நடுங்க என் தொடையும் ஆடியது.

பிறகு அவன் இயக்குநர் அம்மாளிடம் சொன்னான், "படத்துல இதையே வைங்கம்மா. பிந்தினது பிந்தினபடி."

"சார், கேக்கறவங்க ஏதாவது..."

"கேக்கட்டும். இவங்க மூணு பேரும் வாசிச்சதக் கேக்கட்டும்."

கடைசிக் கச்சேரிக்கு வேறொரு டிரம்ஸ்காரரை ஏற்பாடு செய்தோம். மச்சானே போய் அவரைப் பேசி அழைத்துவந்தான். கடைசிப் பாட்டை மட்டும் தான் வாசிப்பதாகச் சொன்னான். மேடை ஏறுவதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினான்.

"இந்த ஒரு பாட்டுல எனக்காக யாரும் நிக்கக் கூடாது. நான் எங்க வர்றேனோ அங்க வர்றேன். நீங்க பாட்டுக்குப் போங்க. என் தங்கச்சி மேல சத்தியம் பண்ணுங்கடா."

"அவ மேல எதுக்கு?" என்றேன். "அவ என்னக் கொன்னுடுவா."

"அதுக்குத்தான்" என்றான். சத்தியம் செய்தோம்.

அதைவிடக் கஷ்டமான வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அவன் தோளைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தரையைப் பார்த்தே வாசித்தேன். நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். அவன் அடி எங்களுக்குப் பின்னால் வந்தது. இரண்டாவது சரணத்தில் கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் குழம்பி நிறுத்தினார்கள். பாட்டுக்காரி ஒரு சொல்லையும் இழுக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்து, சொன்ன வாக்குப்படி பாடினாள். கடைசிச் சுரத்தை மூன்று பேரும் ஒன்றாக வாசித்து நிறுத்தினோம். அரங்கம் அமைதியானது. அந்த அமைதியில் அவன் கடைசி அடி தனியாக வந்து விழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் சிம்பல் தட்டை விரலால் பிடித்து அடக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மூணு வருஷம் கழிச்சு இப்பதான்டா என் அடி எனக்குக் கேக்குது, மாப்ளே" என்றான். எழுந்து, குச்சிகளை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுக் கூட்டத்தைக் கும்பிட்டான். நான் கிடாரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன்.